கேள்வி – பதில்: பழகுவதற்கேற்ற பூட்டுகள்

சாவி இல்லாமல், பூட்டுக்குச் சேதம் நேராமல், மெல்லிய கம்பிகளைக் கொண்டு அதைத் திறந்து பழகும் பொழுதுபோக்கில் இறங்கியிருக்கும் வாசகர்கள் சிலர் இம்மாதம் கடிதம் எழுதியிருக்கிறார்கள். கேள்விகள் வெவ்வேறாக இருந்தாலும் அடியில் இருக்கும் கவலை ஒன்றுதான்: கம்பிகள் வாங்குவது ஒரு முறைச் செலவு, பூட்டுகள் வாங்குவதோ தீராத செலவு. அக்கடிதங்களுக்கான பதில்கள் இங்கே.

கேள்வி: நான்கு மாதங்களாகப் பழகிவருகிறேன். இதுவரை ஏழு தொங்கு பூட்டுகள் வாங்கிவிட்டேன். ஒவ்வொன்றும் முதல் வாரம் சவாலாக இருக்கிறது. பிறகு கை தானாகவே திறந்துவிடுகிறது. இப்படியே வாங்கிக்கொண்டு போனால் எனக்குக் கட்டுப்படியாகாது. விலை குறைந்த நல்ல பூட்டுகளை எப்படித் தேடுவது?
— கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: எட்டாவது தொங்கு பூட்டை வாங்குவதை நிறுத்திவைத்துவிட்டு, அந்தப் பணத்தில் பிரித்து மாற்றியமைக்கக்கூடிய ஒரு சிலிண்டரை (கதவுப் பூட்டில் சாவி நுழையும் பகுதியை) வாங்குங்கள் என்பதே நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் முதல் யோசனை. அதற்கான காரணம் பூட்டின் உள்ளேயே இருக்கிறது.

நீங்கள் பழகுவது ‘பின்’ எனப்படும் சிறு உலோகத் துண்டுகளால் இயங்கும் பின் பூட்டு. அதில் சாவி நுழையும் உள்ளுருளை ஒன்றும், அதைத் தாங்கி நிற்கும் வெளிக்கூடு ஒன்றும் உண்டு. இரண்டையும் ஊடுருவிச் செல்லும் துளை ஒவ்வொன்றிலும் சாவியைத் தொடும் சாவிப்பின் ஒன்றும், ஸ்பிரிங்கால் தள்ளப்படும் தடைப்பின் ஒன்றும் இருக்கின்றன. சரியான சாவி நுழைந்ததும் இரு பின்களும் சந்திக்கும் இடம் உள்ளுருளையின் விளிம்போடு சரியாக ஒன்றிவிடுவதால் உருளை திரும்புகிறது. அமெரிக்கப் பூட்டுத் தயாரிப்பாளர் லைனஸ் யேல் இளையவர் 1861ஆம் ஆண்டிலும் 1865ஆம் ஆண்டிலும் காப்புரிமை பெற்ற அமைப்பு அடிப்படையில் இதுதான். ஐந்து துளைகளையும் இம்மியும் பிசகாத ஒரே நேர்கோட்டில் துளைப்பது எந்தத் தொழிற்சாலைக்கும் இயலாத காரியம் என்பதால், உருளையை லேசாகத் திருப்பிப் பிடிக்கும்போது எல்லாப் பின்களும் ஒன்றாக இறுகுவதில்லை. ஏதேனும் ஒன்று முதலில் இறுகுகிறது, அதை உரிய உயரத்துக்குத் தள்ளிய பிறகு அடுத்தது இறுகுகிறது. எந்தப் பின் எப்போது இறுகும், எவ்வளவு தூரம் தள்ள வேண்டும் என்பதை ஒரு வாரத்தில் உங்கள் விரல்கள் மனப்பாடம் செய்துவிடுகின்றன. அதற்குப் பிறகு நீங்கள் அந்தப் பூட்டைத் திறப்பது நினைவைக் கொண்டுதானே தவிர, உணர்வைக் கொண்டு அன்று.

இப்போது அந்தப் பின்களை வெளியே எடுத்து இடம் மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ஐந்து சாவிப்பின்களும் வெவ்வேறு நீளம் கொண்டவையாக இருந்தால் அவற்றை 120 விதமாக வரிசைப்படுத்தலாம். ஒரு வரிசையை மனப்பாடம் செய்துவிட்டீர்கள் என்று தோன்றிய அன்றே அடுத்த வரிசைக்கு மாறிவிடலாம். (பழைய சாவி இனி அந்தப் பூட்டுக்குப் பொருந்தாது, அது வீட்டுக் கதவுக்கான பூட்டு அல்லவே, பொருந்தாமல் போனால் நட்டமில்லை.) புதிதாகப் பழகுபவர் என்றால் ஒரே ஒரு ஜோடிப் பின்னோடு தொடங்கி, அது கைவந்த பிறகு இரண்டு, மூன்று என்று ஏற்றிக்கொண்டு போகலாம். எளிய பூட்டு, நடுத்தரப் பூட்டு, கடினமான பூட்டு என்று தனித்தனியாக வாங்க வேண்டியவற்றை ஒரே சிலிண்டர் தந்துவிடுகிறது.

அப்படிப் பிரிக்கக்கூடியது எது? கதவுகளில் பொருத்தும் யூரோ சிலிண்டர் இதற்கு மிகவும் ஏற்றது; அதில் இருபுறமும் சாவித்துவாரம் இருப்பதால் ஒரு விலைக்கு இரண்டு பூட்டுகள் கிடைத்த மாதிரி. உள்ளுருளையைப் பிடித்துவைத்திருக்கும் சிறிய வளையக் கிளிப்பைக் கழற்றி, சாவியைச் சற்றே திருப்பிய நிலையில் உருளையை வெளியே எடுக்க வேண்டும். அப்படி எடுக்கும்போது அதே பருமனுள்ள ஓர் உருட்டுத் தடியை இடைவெளி விடாமல் பின்னாலேயே செலுத்தினால் தடைப்பின்கள் தத்தம் துளையிலேயே நிற்கும். யூரோ சிலிண்டரின் உள்ளுருளை சுமார் 13 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டது. அதற்குப் பொருந்தும் மரத்தடி ஒன்றைச் சீவித் தேய்த்துக்கொண்டாலே போதும், தனிக் கருவி தேவையில்லை. கூர்முனைச் சாமணம் ஒன்றும், விளிம்பு உயர்ந்த தட்டு ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். துள்ளி ஓடும் ஸ்பிரிங்கைத் தரையில் தேடிக் கண்டுபிடிப்பது அநேகமாக நடக்காத காரியம். குவிக்செட், ஷ்லேக் போன்ற நிறுவனங்களின் கதவுச் சிலிண்டர்கள் புழங்கும் நாடுகளில் அவையும் இதே போலப் பிரிக்கத்தக்கவை. இரும்புத் தகடுகளை அடுக்கி ஆணி அறைந்து செய்யப்படும் தொங்கு பூட்டுகள் விலை மலிவுதான். ஆனால் அவற்றைச் சேதமின்றிப் பிரித்துப் பின்களை மாற்ற வழியில்லாததால், கணக்குப் பார்த்தால் அவைதான் செலவு அதிகம் வைப்பவை.

இனி, தேடும் இடங்கள். பூட்டு பழுதுபார்ப்பவர்கள் வாடிக்கையாளரின் கதவில் புதிய சிலிண்டரைப் பொருத்தும்போது பழையதைக் கழற்றி ஒரு பெட்டியில் போட்டுவைக்கிறார்கள். அது கடைசியில் பித்தளை எடைக்குத்தான் போகிறது. நேரில் சென்று, எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லி, எடை விலைக்குத் தருவீர்களா என்று மரியாதையோடு கேட்டுப் பாருங்கள். சிலர் மறுப்பார்கள், அது அவர்களின் உரிமை, வற்புறுத்தக் கூடாது. தருபவர்களோ பெரும்பாலும் பூட்டைப் பற்றிப் பேச ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் ஒன்றிரண்டு நுணுக்கங்களையும் சேர்த்தே தருவார்கள். இடிக்கப்படும் கட்டடங்களின் கதவுகளை விற்பவர்கள், பழைய இரும்புக் கடைக்காரர்கள் ஆகியோரிடமும் இதே போலக் கேட்கலாம். புதிதாகவே வாங்குவது என்றால், ஒரே விலையில் ஒரே மாதிரியாகத் தொங்கும் பூட்டுகளின் சாவிகளை வாங்குவதற்கு முன்பே ஒப்பிட்டுப் பாருங்கள். வெட்டுகளின் ஆழம் ஏறத்தாழ ஒரே அளவாக இருந்தால் அது எளிய பூட்டு; ஆழமான வெட்டுக்கு அடுத்தே மேடான வெட்டு இருந்தால் கம்பி நுழைய இடமின்றிக் கை திணறும் பூட்டு. எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி என்று சேர்த்து விற்கும் கட்டு எவ்வளவு மலிவாக இருந்தாலும் பயிற்சிக்கு வேண்டாம்; பின்களின் உயரம் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருக்கும்.

எண்ணிக்கையைப் பற்றி உங்களுக்கு ஏக்கம் இருப்பது கடிதத்தில் தெரிகிறது. 1851ஆம் ஆண்டு லண்டனில் உலகப் பொருட்காட்சி நடந்தபோது ஆல்ஃபிரட் சார்லஸ் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர், அறுபது ஆண்டுக்காலம் யாராலும் திறக்கப்படாமல் கடைச் சன்னலில் அறைகூவலாக வைக்கப்பட்டிருந்த பூட்டுத் தயாரிப்பாளர் ஜோசப் பிராமாவின் பூட்டைத் திறந்துகாட்டி 200 கினி (பழைய ஆங்கிலப் பணம்) பரிசு பெற்றார். அந்த ஒரே பூட்டோடு அவர் செலவிட்டது 16 நாட்களில் பரவிய 51 மணி நேரம். உங்களிடம் ஏற்கெனவே ஏழு பூட்டுகள் இருக்கின்றன; அவற்றோடு ஒரு சிலிண்டர் சேர்ந்தால் ஓராண்டுக்கு வேறெதுவும் வாங்க வேண்டியதில்லை என்பது என் துணிபு.

கேள்வி: உள்ளே நடப்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பூட்டுகள் கம்பிகளோடு சேர்த்து மலிவாக விற்கப்படுகின்றன. தொடக்கத்துக்கு அதுவே போதாதா?
— வாசகி ஒருவர்

பதில்: பூட்டு எப்படி இயங்குகிறது என்பதை ஒரு மாலைப்பொழுதில் புரிந்துகொள்ள அது போதும்; திறக்கக் கற்றுக்கொள்ளப் போதாது. துளைகள் மிகவும் தளர்வாக இருப்பதால் உண்மையான உலோகப் பூட்டில் பின் இறுகும்போது விரலுக்குக் கிடைக்கும் அந்த மெல்லிய தடை இதில் தெளிவாகக் கிடைப்பதில்லை. பார்த்துப் பார்த்துத் திறக்கப் பழகியவர், பார்க்க முடியாத பூட்டு கைக்கு வந்ததும் மறுபடியும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. வீட்டில் ஏற்கெனவே இருந்தால் குழந்தைகளுக்கு விளக்கிக் காட்ட வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகத் தனியே செலவு செய்ய வேண்டாம்.

கேள்வி: எங்கள் பகுதிப் பூட்டுக்காரர் ஒரு பை நிறையப் பழைய சிலிண்டர்களை இலவசமாகவே கொடுத்துவிட்டார். ஆனால் எதற்கும் சாவி இல்லை. சாவி இல்லாததைப் பிரிக்கவும் முடியாது என்கிறார் நண்பர். இவற்றால் பயன் உண்டா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: ஐயா, நீங்கள் பெற்றிருப்பது பலர் பொறாமைப்படக்கூடிய பை. சாவி இல்லாதது குறையே அல்ல. ஒரு முறை திறந்துவிட்டால், அதாவது உருளை சற்றே திரும்பிவிட்டால், சாவி செய்யும் வேலை முடிந்துவிட்டது. அந்த நிலையிலேயே உருளையை மேலே சொன்னபடி தடியைப் பின்தொடரவிட்டு வெளியே எடுத்துவிடலாம். ஆகவே உங்கள் நண்பர் சொல்வது பாதிதான் சரி: பிரிப்பதற்கு முன் திறந்தாக வேண்டும், திறப்பதுதான் உங்கள் பயிற்சி.

ஒரே ஒரு எச்சரிக்கை. திறந்த மகிழ்ச்சியில் உருளையை அரைச்சுற்று, அதாவது 180 பாகை, திருப்பிவிடாதீர்கள். பல பூட்டுகளில் அந்த நிலையில் சாவித்துவாரத்தின் அடிப்பகுதி தடைப்பின்களுக்கு நேராக வந்துவிடுவதால், ஸ்பிரிங்குகள் பின்களை அதற்குள் தள்ளிவிடும். உருளை அங்கேயே சிக்கிக்கொள்ளும். நுழைந்த பின்களைத் தட்டையான ஒரு தகட்டால் மறுபடி உள்ளே அழுத்திக்கொண்டே திருப்பினால் மீட்டுவிடலாம் என்றாலும், புதியவர்கள் அந்த இடத்தில் பொறுமையிழந்து முறுக்கிப் பூட்டையே கெடுத்துவிடுகிறார்கள்.

வந்த பையை முதலில் தரம் பிரியுங்கள். பச்சைக் களிம்பேறிய சிலிண்டர்களை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, உலர்த்தி, பின்களைக் கம்பியால் ஒவ்வொன்றாக அழுத்திப் பாருங்கள். எல்லாம் துள்ளி மேலெழுந்தால் அது உயிருள்ள பூட்டு. ஒரு பின் அசையாமல் கிடந்தால் ஒதுக்கிவைத்து, பின்னால் உதிரிப் பொருளாகப் பயன்படுத்துங்கள். உதிரிப் பின்களும் ஸ்பிரிங்குகளும் தனியாக வாங்கினால் விலை கூடுதல். கெட்டுப்போன நான்கு சிலிண்டர்கள் நல்ல ஒன்றை நெடுநாள் காப்பாற்றும். பிரித்த ஒவ்வொன்றின் சாவிப்பின் நீளங்களையும் வரிசையாக ஒரு குறிப்பேட்டில் எழுதி, சிலிண்டருக்கும் ஓர் எண் இட்டுவையுங்கள். பிறகு அதே எண்ணை மீண்டும் எடுத்துத் திறக்கும்போது, நீங்கள் விரலால் ஊகித்த உயரங்களும் குறிப்பேட்டில் இருக்கும் உயரங்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்ப்பது, எந்த ஆசிரியரும் தர முடியாத திருத்தம்.

மேலும், இன்னார் வீட்டுக் கதவிலிருந்து கழற்றியது என்று எதிலாவது முகவரிச் சீட்டு ஒட்டியிருந்தால் கிழித்துப் போட்டுவிடுங்கள். அந்த வீட்டில் இதே சாவிக்கு இன்னொரு கதவு இன்னும் திறந்துகொண்டிருக்கலாம்.

கேள்வி: தனியாகப் பூட்டு எதற்கு? என் வீட்டு வாசல் கதவிலேயே பழகக் கூடாதா? அது என் சொந்தப் பூட்டுதானே?
— வாசகர் ஒருவர்

பதில்: கூடாது. இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபட்டிருப்பவர்கள் எல்லா நாடுகளிலும் இரண்டு விதிகளைக் கடைப்பிடிக்கிறார்கள்: தமக்குச் சொந்தமில்லாத பூட்டை உரியவரின் அனுமதியின்றித் தொடுவதில்லை, பயன்பாட்டில் இருக்கும் பூட்டில், அது தம்முடையதே ஆனாலும், பழகுவதில்லை. இரண்டாவது விதியின் காரணம் முழுக்க இயந்திரம் சார்ந்தது. பித்தளைப் பின்கள் கம்பியின் எஃகைவிட மென்மையானவை. தொடர்ந்து உரசும்போது தேய்கின்றன, சிராய்ப்புத் துகள்கள் உள்ளே சேர்கின்றன, அளவுக்கு மீறி முறுக்கினால் ஸ்பிரிங் நசுங்கிவிடவும் கூடும். ஒருநாள் சரியான சாவியே உள்ளே நுழையாமல் வாசலில் நிற்க நேரும். அப்போது ஆகும் செலவில் பயிற்சிப் பூட்டுகள் எத்தனையோ வாங்கியிருக்கலாம். கம்பிகளை வைத்திருப்பது பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், நீங்கள் வாழும் இடத்தின் சட்டத்தையும் ஒருமுறை தெரிந்துகொள்ளுங்கள்.

கேள்வி: பழைய பூட்டுகளை மொத்தமாக இணையத்தில் விற்கிறார்கள். படத்தைப் பார்த்தே நல்லது எது, வீண் எது என்று கண்டுகொள்ள முடியுமா?
— தச்சுத் தொழில் செய்யும் வாசகர்

பதில்: ஓரளவு முடியும். சாவித்துவாரத்தை நேராகக் காட்டும் படத்தை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். துவாரம் வளைந்து நெளிந்து, உள்ளே ஒரு பித்தளைப் பின்னின் முனை தெரிந்தால் அது பின் பூட்டு. துவாரம் அகலமாக, சாவி நீண்ட தண்டின் நுனியில் மட்டும் பல் கொண்டதாக இருந்தால் அது நெம்புத் தகடுகளால் இயங்கும் வேறு வகை. அருமையான கலைதான், ஆனால் அதற்கான கம்பிகளே வேறு. மேசை இழுப்பறை, அஞ்சல் பெட்டி ஆகியவற்றின் சிறிய பூட்டுகளில் பின்களுக்குப் பதில் மெல்லிய தகடுகள் இருக்கும். அவை வெகு விரைவில் திறந்துவிடுவதால் ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம். பூட்டு கனமான பொருள் என்பதால் அனுப்பும் கூலியே பூட்டின் விலையை மிஞ்சிவிடுவது உண்டு. கூலியையும் சேர்த்து எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

மொத்தமாக வாங்குவதைவிட நல்ல வழி, பழகி முடித்த பூட்டுகளைப் பிறரோடு மாற்றிக்கொள்வது. உங்களுக்குச் சலித்துப்போன பூட்டு இன்னொருவருக்குப் புதியது. ஜெர்மனியில் 1997 முதல் இயங்கும் பூட்டுத் திறப்பு விளையாட்டு நண்பர்கள் சங்கமும், நெதர்லாந்தில் தோன்றிப் பிற நாடுகளுக்கும் கிளைவிட்ட டூல் அமைப்பும் கூட்டங்கள் நடத்துகின்றன. அத்தகைய கூட்டங்களில் மேசை மீது கிடக்கும் பூட்டுகளை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பழகலாம். அருகில் சங்கம் ஏதும் இல்லையென்றால் நான்கு நண்பர்கள் சேர்ந்து ஒரு பெட்டியைச் சுற்றுக்கு விட்டாலும் அதே பயன் கிடைக்கும்.

கேள்வி: சாதாரணப் பின்கள் கொண்ட பூட்டுகள் இப்போது எனக்கு எளிதாகிவிட்டன. திறப்பவரை ஏமாற்றும் ஸ்பூல் பின்கள் கொண்ட பூட்டுகளுக்கு மாற விரும்புகிறேன். விலைதான் தடுக்கிறது. மலிவான வழி ஏதும் உண்டா?
— இயந்திரப் பணிமனை ஊழியர் ஒருவர்

பதில்: ஸ்பூல் பின் என்பது நூல் சுற்றும் கட்டையைப் போல நடுவில் இடை சிறுத்து, இரு முனைகளிலும் முழுப் பருமனோடு இருக்கும் தடைப்பின். திறப்பவர் உருளையைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது அந்த இடைப்பகுதி விளிம்பில் மாட்டிக்கொள்கிறது. உருளை சற்றே திரும்பி, பூட்டு திறந்துவிட்டது போன்ற பொய்யான உணர்வைத் தந்து நின்றுவிடுகிறது. விலை நடுத்தரமாக உள்ள பூட்டுகளிலேயே இவை உண்டு. மாஸ்டர் நிறுவனத்தின் 140, ஆபஸ் நிறுவனத்தின் 55/40 ஆகிய சிறு பித்தளைப் பூட்டுகள் இந்தக் கட்டத்துக்குப் பலரும் நாடுபவை. அமெரிக்கன் லாக் 1100 இதைவிட ஒரு படி மேல். அதில் ஸ்பூல் பின்களோடு பல் வெட்டிய பின்களும் இருக்கின்றன, பூட்டைத் திறந்தால் வளைகம்பியின் துளைக்குள் தெரியும் திருகைக் கழற்றிச் சிலிண்டரை வெளியே எடுக்கவும் முடியும். பழையது ஒன்று கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள்.

ஆனால் பணிமனையில் வேலை செய்யும் உங்களுக்கு எதையும் வாங்க வேண்டிய தேவையே இல்லை. உங்கள் சிலிண்டரின் தடைப்பின் ஒன்றை எடுங்கள். அது ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பித்தளைத் துண்டு. அதன் ஒரு பாதி வெளியே தெரியும்படி கைத்துளைப்பானின் வாயில் மெதுவாகப் பொருத்தி, குறைந்த வேகத்தில் சுழலவிட்டு, ஊசி அரத்தின் விளிம்பை நடுப்பகுதியில் லேசாக வைத்துப் பிடியுங்கள். சற்று நேரத்தில் இடை சிறுத்துவிடும். இரு முனைகளின் பருமனும் குறையக் கூடாது. முனையைத் தேய்த்துவிட்டால் பின் துளையில் ஆடும், ஏமாற்றும் வேலையையும் செய்யாது. கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அவசியம். இடையை ஆழமாக வெட்டினால் உருளை கூடுதலாகத் திரும்பி நிற்கும், பொய்யுணர்வு தெளிவாகத் தெரியும். மேலோட்டமாக வெட்டினால் அது மிகவும் நுண்ணியதாக இருக்கும். கடையில் வாங்கும் பூட்டில் இந்த அளவைத் தீர்மானிப்பவர் உற்பத்தியாளர். இங்கே நீங்களே தீர்மானிக்கிறீர்கள்.

ஐந்து பின்களையும் ஒரே நாளில் இழைத்துப் போட்டுவிட ஆசை வரும். அதை ஒத்திப்போட்டு, முதலில் நடுத்துளையில் மட்டும் ஒரு ஸ்பூல் பின்னைப் போடுங்கள். மற்ற நான்கும் அமர்ந்து உருளை சற்றுத் திரும்பி நின்றதும், அந்த ஒரு பின்னைக் கம்பியால் மெல்லத் தள்ளுங்கள். உருளை எதிர்த்திசையில் உங்கள் விரலை அழுத்தும். திருப்பிப் பிடித்திருக்கும் விரலின் அழுத்தத்தை அப்போது சிறிது தளர்த்தி அது பின்வாங்க இடம் கொடுக்க வேண்டும். அதிகம் தளர்த்தினால் அமர்ந்த பின்கள் எல்லாம் இறங்கிவிடும். எவ்வளவு தளர்த்துவது என்பது விரலுக்குப் பிடிபடும்வரை, இரண்டாவது ஸ்பூல் பின்னைப் போட வேண்டாம்.